பதிவு விற்பனைக்கு அல்ல!

திருப்பூர் ராயபுரத்தில் ஓவர்லாக் மெஷின் முன் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோன தொழிலாளி, தன் மகளாவது நிமிர்ந்து நடக்கட்டும் என்று அவளை நர்சுப் படிப்பில் சேர்க்கிறார். சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தீபாவளி போனஸைத் தொடாமல் எடுத்து வைத்து, சீட்டு எடுத்துக் கட்டணம் கட்டுகிறார். நான்கு ஆண்டு ஓடுகிறது. மகள் பட்டம் வாங்கி வருகிறாள். ஆனால் தனியார் மருத்துவமனையில் அவளுக்குக் கொடுக்க முன்வரும் சம்பளத்தைக் கேட்டால், "இதற்கா இத்தனை பாடு?" என்று வீடே கலங்கிப் போகிறது. "வெளிநாடு போனால் என்ன?" என்ற கேள்வி பிறக்கிறது. கேள்வி பிறந்த வாடை பட்டதுமே வாசலில் ஏஜெண்டு வந்து நிற்கிறான்.

"லண்டனில் வேலை தயார். 6 லட்சம் கொடுங்கள். பரீட்சை, பதிவு, விசா எல்லாம் என் பொறுப்பு" என்கிறான்.

மனைப் பத்திரம் அடகுக்குப் போகிறது. மூன்று வட்டிக்கு 6 லட்சம் வாங்கினால் மாதம் 18,000 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும். ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். மகள் விமானம் ஏறுவதற்கு முன்பே வட்டி ஏறத் தொடங்கிவிடுகிறது.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த 6 லட்சம் எதற்கு? எந்தச் சர்க்காருக்கு, எந்தக் கவுன்சிலுக்கு, எந்தப் பரீட்சைக்கு அது போகிறது? கணக்கைப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே! பீஸ் ரேட்டுக்குக் கணக்குப் போட்டு, ஒரு டஜனுக்கு எத்தனை பைசா குறைந்தது என்று முதலாளியிடம் கேட்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமல்ல.

மூன்று பூட்டு

வெளிநாட்டில் நர்சாக வேலை செய்வதற்கு மூன்று பூட்டுகளைத் திறந்தாக வேண்டும். முதல் பூட்டு நம் நாட்டில்: படிப்பும் பதிவும். இரண்டாவது பூட்டு அந்த நாட்டில்: மொழித் தேர்வும், தொழில் தேர்வும், அந்நாட்டுப் பதிவேட்டில் பெயரும். மூன்றாவது பூட்டு இரண்டு சர்க்கார்களின் கையில்: விசாவும் குடியேற்ற அனுமதியும். இந்த மூன்றில் எந்தப் பூட்டின் சாவியும் ஏஜெண்டின் சட்டைப் பையில் இல்லை. படித்தவள் அவள், பரீட்சை எழுத வேண்டியவளும் அவள். அவளுக்குப் பதிலாக இன்னொருவன் எழுத முடியாது. எழுதினால் அது குற்றம்.

முதல் பூட்டைப் பார்ப்போம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. ஜி.என்.எம். என்கிற டிப்ளமா மூன்று ஆண்டு. இந்த இரண்டையும் முடித்தவர்களே பதிவு பெற்ற நர்சு ஆகலாம். ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு. கிராமச் சுகாதாரப் பணிக்கு உரியது. வெளிநாட்டில் நர்சுப் பதிவுக்கு அது போதாது. இவை தவிர, ஆறு மாதம், ஓராண்டு என்று மாடி அறைகளில் நடக்கும் "நர்சிங் அசிஸ்டெண்ட்" வகுப்புகள் இருக்கின்றனவே, அவற்றின் சான்றிதழை வைத்துக்கொண்டு லண்டனிலும் சரி, துபாயிலும் சரி, பதிவேட்டின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. சேர்க்கும் அன்றைக்கே இதை விசாரிக்க வேண்டும். பட்டக் கல்லூரியானால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, தமிழ்நாடு நர்சுகள், மிட்வைஃப்கள் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1926ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தில் பிறந்தது அந்தக் கவுன்சில். படிப்பு முடித்ததும் அங்கேதான் பெயரைப் பதிய வேண்டும். வெளிநாட்டுக் கவுன்சில் எதுவானாலும், "இவர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறாரா? இவர்மீது நடவடிக்கை ஏதும் உண்டா?" என்று கேட்டுக் கடிதம் எழுதுவது அந்தக் கவுன்சிலுக்குத்தான்.

இந்த வேலையில் ஏஜெண்டுக்கு என்ன இடம்? சென்னைக்குப் பஸ் டிக்கெட் எடுக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய காரியம் இது!

நாட்டுக்கு நாடு நடைமுறை

இரண்டாவது பூட்டு நாட்டுக்கு நாடு மாறும். பனியன் தொழிலாளிக்கு இதைப் புரியவைக்க நெடுநேரம் வேண்டாம். ஜெர்மன் பையருக்கு ஓர் அளவு, அமெரிக்க பையருக்கு ஓர் அளவு. அவரவர் ஆள் வந்து செக்கிங் பார்த்த பிறகே சரக்கு கப்பல் ஏறும். பதிவும் அப்படியே.

பிரிட்டனில் நர்சுகளின் பதிவேட்டை வைத்திருப்பது என்.எம்.சி. என்னும் கவுன்சில். ஆங்கிலத் தேர்வு முதற்படி. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 மதிப்பெண், எழுதுதலில் 6.5 வேண்டும். மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓ.இ.டி. தேர்வையும் எழுதலாம். அடுத்தது கம்ப்யூட்டரில் எழுதும் தொழில் தேர்வு. அதை இந்தியாவில் இருந்தபடியே எழுதலாம். கடைசியாக, பிரிட்டன் போன பிறகு, செய்முறைத் தேர்வு ஒன்று உண்டு. ஓ.எஸ்.சி.இ. என்று அதற்குப் பெயர். 2025இல் வெளியாகியிருந்த கட்டண விவரப்படி மனுவுக்கு 140 பவுன், கம்ப்யூட்டர் தேர்வுக்கு 83 பவுன், செய்முறைத் தேர்வுக்கு 794 பவுன், பதிவுக்கு 153 பவுன். கூட்டிப் பாருங்கள்: 1,170 பவுன். நம் பணத்தில் ஒன்றரை லட்சத்தைத் தொடாது. அதிலும் பெரும்பகுதியை வேலை கொடுக்கும் மருத்துவமனைகளே ஏற்றுக்கொள்வது அங்கே வழக்கம். வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தந்ததற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று பிரிட்டனில் 1973 முதல் சட்டமே இருக்கிறது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனையில் புதிய நர்சின் தொடக்கச் சம்பளம் 2025-26இல் ஆண்டுக்கு 31,049 பவுன். பெரிய தொகைதான். ஆனால் வரி போகும், வீட்டு வாடகை போகும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு போகும். ஏஜெண்டு காட்டும் தொகையை அப்படியே பிடித்துக்கொண்டு மனக்கோட்டை கட்டக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நர்சு வேலை" என்று சொல்லி, முதியோரைப் பராமரிக்கும் "கேர் ஒர்க்கர்" வேலைக்கு ஆள் பிடித்த கூட்டம் ஒன்று உண்டு. அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியைப் பிரிட்டன் 2025 ஜூலை 22ஆம் தேதி அடைத்துவிட்டது. அதன் பிறகும் அதே விசாவைக் காட்டிப் பணம் கேட்கிறவன், மூடிய கொட்டகைக்கு டிக்கெட் விற்கிறவன்!

வளைகுடா நாடுகளில் முறை வேறு. சவூதிக்கு ஒரு கமிஷன், துபாய்க்கு ஓர் அதிகாரசபை, அபுதாபிக்கு வேறொன்று. முதலில் டேட்டாஃப்ளோ என்னும் சரிபார்ப்பு: பட்டத்தை எந்தக் கல்லூரி கொடுத்தது, அனுபவச் சான்றை எந்த மருத்துவமனை கொடுத்தது என்று கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்பார்கள். பிறகு பெரும்பாலும் கம்ப்யூட்டர் தேர்வு. மருத்துவமனையில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். இங்கேதான் ஏஜெண்டு குழி வெட்டுகிறான். "அனுபவம் இல்லையா? சான்றிதழ் நான் தயார் செய்கிறேன்" என்பான். சரிபார்ப்பில் பொய் வெளிப்பட்டால் மாட்டிக்கொள்வது அவனல்ல. அந்தப் பெண்ணின் பெயரில் கறை விழும். பல நாட்டுக் கதவுகள் ஒரே நாளில் சாத்தப்படும். போலிச் சான்றிதழுக்குப் பணம் கொடுப்பதும், மகளின் பட்டத்தைக் கொளுத்துவதும் ஒன்றே.

ஜெர்மனிக்கு வேண்டியது மொழி. ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏற வேண்டும். முழு நர்சு அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 வரை வேண்டும். பட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாடத்தில் இவ்வளவு குறைகிறது" என்று அந்நாட்டு அதிகாரிகள் எழுத்தில் தெரிவிப்பார்கள். அந்தக் குறையைப் பயிற்சியாலோ தேர்வாலோ நிரப்ப வேண்டும்; அதுவரை உதவியாளர் வேலைதான். கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசு அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்து, "டிரிபிள் வின்" திட்டத்தில் நர்சுகளை அனுப்பத் தொடங்கியது. அதில் மொழிப் பயிற்சிச் செலவு வேலை கொடுப்பவருடையது. நர்சிடம் கமிஷன் கிடையாது. ஒரே மலைக்கு அந்தப் பக்கம் இலவசமாக நடக்கும் காரியத்துக்கு இந்தப் பக்கம் லட்சக்கணக்கில் விலை கேட்பது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவைப் பற்றியும் சொல்லிவிடுவோம். என்.சி.எல்.இ.எக்ஸ். என்பது அங்குள்ள தேர்வு. ஐந்து மணி நேரம். 85 முதல் 150 கேள்விகள். பதில் சொல்லும் தரத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150 டாலர். கெட்டிக்காரப் பெண்கள் தேறிவிடுகிறார்கள். ஆனால் தேறினால் போதுமா? நிரந்தர விசாவுக்கு நாட்டு வாரியாக வரிசை. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசையில், 2025இல் அமெரிக்க சர்க்கார் எடுத்துக்கொண்டிருந்தது 2012, 2013ஆம் ஆண்டுகளில் போட்ட மனுக்களை! பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு. "ஆறே மாதத்தில் அமெரிக்கா" என்கிறவன் முகத்தைப் பார்த்து இந்த ஓர் உண்மையைச் சொன்னால் போதும். அவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான்.

சட்டம் சொல்வது என்ன?

மூன்றாவது பூட்டுக்கு வருவோம். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, மத்திய சர்க்காரிடம் பதிவுச் சான்று இல்லாத எவனும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்ற ஏஜெண்டும் வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400 ரூபாய். இதற்கு ரசீது கொடுக்க வேண்டும். 6 லட்சம் எங்கே, 35,400 எங்கே? இடையிலுள்ள தொகைக்கு என்ன பெயர் வைப்பது? நாம் கொள்ளை என்கிறோம்.

சட்டத்தின் பல்லையும் பார்க்க வேண்டுமல்லவா? அந்தச் சட்டம் எழுதிவைத்த தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். லட்சம் லட்சமாகச் சுருட்டுகிறவனுக்கு 2,000 ரூபாய் அபராதம், ஒரு வேளை விருந்துச் செலவு!

2015இல் கேரளத்தில் நடந்ததை நாடறியும். குவைத் மருத்துவமனைகளுக்கு நர்சுகளை எடுத்ததில், 20,000 ரூபாய்க்கு உட்பட்டு வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19 லட்சத்துக்கு மேல் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அந்த ஆண்டுதான் மத்திய சர்க்கார் விழித்துக்கொண்டது. சவூதி, குவைத், கத்தார், ஐக்கிய அரபு நாடுகள், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் நர்சுகள் அனைவரும் குடியேற்ற அனுமதி பெற வேண்டும் என்றும், சர்க்கார் நிறுவனங்கள் மூலமே ஆள் எடுக்க வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது. முதலில் கேரளத்தின் இரண்டு நிறுவனங்களுக்கு அந்த அதிகாரம் வந்தது. பிறகு நம் மாநிலத்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இது 1978இல் தமிழ்நாடு சர்க்கார் ஏற்படுத்திய நிறுவனம்; சென்னை கிண்டியில் இருக்கிறது. எத்தனை ராயபுரத்துக் குடும்பத்துக்கு இதன் பெயர் தெரியும்? ஏஜெண்டின் பெயர் தெரிகிறது; சர்க்கார் நிறுவனத்தின் பெயர் தெரியவில்லை! இந்த நிலையைப் போக்க வேண்டியது சர்க்காரின் கடமை. அதைச் செய்யவைக்க வேண்டியது நம் கடமை.

திக்ரித் தந்த பாடம்

2014ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, ஈராக்கின் திக்ரித் நகரில் ஆயுதக் கும்பலிடம் சிக்கியிருந்த 46 இந்திய நர்சுகள் விமானத்தில் கொச்சி வந்து இறங்கினார்கள். கேரளப் பெண்களோடு நம் தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அதில் இருந்தார். ஊரே கண்ணீரோடு வரவேற்றது. ஆனால் குண்டு வெடிக்கும் ஊரில் அத்தனை நாள் அவர்கள் ஏன் தங்கினார்கள்? சம்பள பாக்கி ஒரு பக்கம். ஊரில் வாங்கிவைத்த கடன் மறுபக்கம். "வெறுங்கையோடு திரும்பி எந்த முகத்தோடு கடன்காரனைப் பார்ப்பது?" என்ற கவலை, துப்பாக்கியைவிடப் பெரிதாக நின்றது. அந்தக் கடனில் ஒரு பங்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம். ஆபத்தான இடத்தைவிட்டுத் திரும்பிவரும் சுதந்திரத்தையே கடன் பறித்துவிடுகிறது. ஆகவேதான் கமிஷனை நாம் பணக் கணக்காக மட்டும் பார்ப்பதில்லை; அது உயிர்க் கணக்கு.

கடனுக்கு இன்னொரு தம்பியும் உண்டு. பாண்டு ஒப்பந்தம் என்பது அவன் பெயர். "மூன்று ஆண்டுக்குள் விலகினால் இத்தனை ஆயிரம் பவுன் கட்டு" என்று எழுதி வாங்குவது வெளிநாட்டு முதலாளியின் வழக்கம். "அசல் சான்றிதழ் எங்களிடம் இருக்கட்டும்" என்று பிடித்துவைப்பது உள்ளூர் முதலாளியின் வழக்கம். நம் வட்டாரத்துக்கு இது புதிதா? மூன்று ஆண்டு மில்லில் இரு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஏழைப் பெண்களை விடுதிகளில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டத்தை நாம் கண்டவர்களல்லவா? பெயர் மங்கலம், உள்ளே அடிமைத்தனம். அதே சரக்குதான் இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகி வருகிறது. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். புரியாததைக் கேட்க வேண்டும். அசல் சான்றிதழை எவனிடமும் கொடுக்கக் கூடாது.

அவள் ஏன் போகிறாள்?

"நம் நாட்டு நோயாளிகளை விட்டுவிட்டு அயல்நாட்டுக்கு ஓடுகிறார்களே" என்று அங்கலாய்க்கும் கனவான்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் ஓடவில்லை, ஐயா, துரத்தப்படுகிறாள். சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவுப்படி அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்கும் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்சின் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட இடத்தில் சர்க்கார் நர்சுக்கு இணையான சம்பளம் என்றது. பரிந்துரை வந்தது, பையில் பணம் வந்ததா? தனியார் மருத்துவமனை நர்சுகளைக் கேட்டுப் பாருங்கள், தெரியும். இங்கே நியாயமான கூலி கிடைத்தால் தாய் தகப்பனை விட்டு, பால்குடி மறவாத பிள்ளையை விட்டு, பனி விழும் ஊருக்கு எவள் போவாள்?

உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நெறிமுறை வகுத்தது. ஏழை நாடுகளின் மருத்துவ ஊழியரைப் பணக்கார நாடுகள் வரைமுறையின்றி இழுத்துக்கொள்ளக் கூடாது. வருகிற ஊழியரை ஏமாற்றக் கூடாது. உள்நாட்டு ஊழியருக்குள்ள உரிமை அவர்களுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நெறி நமக்கும் உடன்பாடே. போகிற உரிமையும் வேண்டும். போகாமலே வாழும் வழியும் வேண்டும். இரண்டையும் கேட்கிறோம்.

இந்த ஊர்த் தொழிலாளிக்கு இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து நம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் தோழனும் ஓர் ஏஜெண்டுக்குக் கமிஷன் அழுது வந்தவனாக இருக்கலாம். அவனைப் பிடிக்கும் கையும் நம் மகளைப் பிடிக்கும் கையும் ஒரே கை. அவனுக்காகக் குரல் கொடுக்காதவன், தன் மகளுக்காகக் கேட்கும்போது குரலில் வலு இருக்காது.

சங்கம் செய்ய வேண்டியது

என்ன செய்யலாம்? ஒவ்வொரு வார்டிலும் நம் படிப்பகம் இருக்கிறது. செய்தித்தாள் தொங்கும் அந்தச் சுவரில் ஒரு தாளை ஒட்டுவோம். எந்த நாட்டுக்கு எந்தத் தேர்வு, எவ்வளவு கட்டணம், எந்தக் கவுன்சில் என்று எழுதுவோம். படித்த தோழர் ஒருவர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். ஏஜெண்டின் பெயரைச் சொன்னதும், மத்திய சர்க்காரின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவெண் இருக்கிறதா, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். வேலைக் கடிதமும் ஒப்பந்தமும் வந்தால் வாசித்துப் பொருள் சொல்லட்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவனைப் பற்றித் தெரு முழுவதும் தெரிவிக்கட்டும். குடியேற்ற அனுமதியோடு போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டினால் விபத்துக்கு 10 லட்சம் வரை பாதுகாப்பு. இத்தனை சிறு தொகையில் கிடைக்கும் பாதுகாப்பை ஏஜெண்டு சொல்லித் தரமாட்டான். சங்கம் சொல்லித் தர வேண்டும்.

சர்க்காரிடமும் கேட்போம். கிண்டியில் இருக்கும் நிறுவனத்துக்குத் திருப்பூரில் ஒரு கிளை அலுவலகம் கேட்போம். சர்க்கார் செலவில் ஆங்கிலமும் ஜெர்மனும் கற்றுத் தரும் வகுப்பு கேட்போம். திருப்பூருக்குச் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022இல் வந்தது. மாலை வகுப்பு நடத்த ஓர் அறை கொடுத்தால் குடிமுழுகிப் போகுமா? பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் மெஷின்களை நிறுத்திவைத்த ஊர் இது. அந்த ஊர்த் தொழிலாளிக்கு ஒரு வகுப்பறை கேட்டு வாங்குவது பெரிய காரியமல்ல.

தோழர்களே! மகளுக்கு மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ படிப்பு கொடுத்தீர்கள். இன்னும் ஓராண்டு மொழி கற்கவும் தேர்வு எழுதவும் அவகாசம் கொடுங்கள். பத்திரத்தை அடகுக்கு அனுப்பாதீர்கள். தேர்வுக் கட்டணத்தைக் கவுன்சிலுக்கு நேராகக் கட்டுங்கள். ரசீதைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுப் பதிவேட்டில் ஏறும் அந்தப் பெயர், இரவுப் பணி பார்த்துக்கொண்டே புத்தகம் படித்த பெண்ணின் உழைப்பு. அதை விற்க எவனுக்கும் உரிமையில்லை. அதை விலைக்கு வாங்கவும் நமக்கு அவசியமில்லை.